மூடிய உறையும் திறந்த கணக்கும்

(நமது அறக்கட்டளை பேரிகையில் நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்திற்கு வர இயலாத குடும்பத்தாருக்காக இங்கே வெளியிடுகிறோம்.)





நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள், கைபேசி வழியாக நடக்கும் பணப் பரிமாற்றமும், அந்தப் பணத்துக்குப் பூட்டாக நிற்கும் ஒரு கணக்கு முறையும் ஆகும். கணக்கு என்றதும் யாரும் தயங்க வேண்டாம். ஓர் உறையை மூடி முத்திரை வைப்பது எதற்காக என்று தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இது புரியும்.

இந்தப் பொருளை ஏன் எடுத்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். நம் ஊரில் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவருக்குப் பெங்களூர் வியாபாரி தரவேண்டிய பணம் இப்போது கைபேசிக்குத்தான் வருகிறது. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் பிள்ளை வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணமும் அப்படியே. மாலூர் பக்கம் போனாலும் சூளகிரி பக்கம் போனாலும் தேநீர்க் கடையின் முன்னால் ஒரு கியூஆர் கட்டம் ஒட்டியிருக்கிறது. வீட்டில் உருது, கடையில் தமிழ், தோட்டத்தில் தெலுங்கு, எல்லை தாண்டினால் கன்னடம் என்று நான்கு மொழி புழங்கும் நம் பகுதியில், எல்லா மொழிக்காரருக்கும் பொதுவானதாகிவிட்டது அந்தக் கட்டம். 2016 ஏப்ரலில் அறிமுகமான யுபிஐ முறையில், 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் நாடு முழுவதும் 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தன. நமது அறக்கட்டளைக்கு வரும் சந்தாவும் ஸதகாவும் ஜகாத்தும்கூடப் பெரும்பகுதி இந்த வழியில்தான் வருகின்றன.

வருகிற பணம் அமானிதம். அதைக் குறித்து ஜமாஅத்தில் இரண்டு விதமான எண்ணங்கள் இருக்கின்றன. ஒரு சாரார், "யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று பெயரோடு அச்சிடுங்கள். அப்போதுதான் கணக்கு வெளிப்படையாக இருக்கும்" என்கிறார்கள். இன்னொரு சாரார் கூட்டத்தில் எழுந்து பேசுவதில்லை. பெயர் வெளியே வரும் என்றால் அவர்கள் உதவி கேட்டே வரமாட்டார்கள், அவ்வளவுதான். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் வீடு, கடன் அடைத்துக்கொண்டிருக்கும் சிறு வியாபாரி, கணவரை இழந்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் சகோதரி ஆகியோர் இதில் அடக்கம். இரு சாரார் சொல்வதும் நியாயமே. கணக்கு திறந்திருக்க வேண்டும். உதவி பெற்றவரின் முகம் மறைந்திருக்க வேண்டும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியுமா என்று கேட்டால், பெருமளவுக்கு முடியும் என்பதே எங்கள் பதில். உங்கள் பணப் பரிமாற்றத்தை எந்தப் பூட்டு காக்கிறதோ, அதே பூட்டு இதற்கும் பயன்படும். அதை விளக்கி, முடிவில் ஒரு முன்மொழிவையும் உங்கள் முன் வைக்கிறோம்.

உறையின் இரண்டு வேலைகள்

பொதுச் சொத்தான ஒரு கடையை வாடகைக்கு விடும்போது மூடிய உறையில் தொகை கேட்பது வழக்கம். ஒவ்வொருவரும் தாம் தரக்கூடிய வாடகையை எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, மேலே கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுவார்கள். குறித்த நாளில் எல்லோர் முன்னிலையிலும் உறைகள் திறக்கப்படும்.

அந்த உறை இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, மறைக்கிறது. திறக்கும் நாள் வரை நீங்கள் எழுதிய தொகை அடுத்தவருக்குத் தெரியாது. இரண்டு, கட்டிப்போடுகிறது. அடுத்தவர் கேட்ட தொகையைத் தெரிந்துகொண்டு உங்கள் தொகையை நீங்கள் மாற்ற முடியாது. எழுதியது எழுதியதுதான்.

இப்படி மறைவாக வைத்து, பிறகு எல்லோர் முன்னும் திறப்பது நம் தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம் பக்கத்தில் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை அவை விவரிக்கின்றன. தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனை விட்டு ஓலை எடுக்கச் செய்வார்கள். யாரையும் நம்பித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. முறையே நம்பிக்கையைத் தந்தது.

உறையும் குடமும் எல்லோரும் ஒரே இடத்தில் கூடியிருந்தால் சரி. நீங்கள் பேரிகையிலும் மற்றவர் துபாயிலும் இருந்தால் என்ன செய்வது? 1981இல் அமெரிக்கக் கணினி அறிஞர் மானுவல் புளூம் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார். மணமுறிவு பெற்ற இருவர் வெவ்வேறு ஊரில் இருக்கிறார்கள். கார் யாருக்கு என்று தொலைபேசியிலேயே பூவா தலையா போட்டுத் தீர்மானிக்க வேண்டும். ஒருவரை ஒருவர் நம்பவும் தயாரில்லை. நாணயத்தைச் சுண்டியவர் "நீ தோற்றுவிட்டாய்" என்று சொன்னால் மறுமுனையில் இருப்பவர் எப்படி ஏற்பார்? காகிதத்துக்குப் பதில் கணக்கினாலேயே உறை செய்து இதைத் தீர்க்கலாம் என்று புளூம் காட்டினார்.

கைமாவிலிருந்து கறித்துண்டு வராது

அப்படி உறை செய்ய இன்று எளிதாகக் கிடைக்கும் கருவிக்கு ஹாஷ் என்று பெயர். நாம் முத்திரை எண் என்று சொல்லிக்கொள்வோம். ஹாஷ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கே கொத்திக் கலப்பது என்று பொருள். முழு இறைச்சியைக் கைமா போடலாம். கைமாவிலிருந்து பழைய கறித்துண்டை யாராலும் திரும்பச் செய்ய முடியாது. அதுபோலத்தான் இதுவும்.

நீங்கள் ஓர் எழுத்தைக் கொடுத்தாலும் ஆயிரம் பக்கப் பதிவேட்டைக் கொடுத்தாலும், கணினி அதைக் கொத்திக் கலந்து ஒரே அளவுள்ள ஒரு குறியீட்டைத் தரும். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2002இல் தரமாக வெளியிட்டு, இன்று உலகமெங்கும் பயன்படும் எஸ்.எச்.ஏ. 256 என்ற முறையில் அது 64 இடங்கள் கொண்டது. ஒவ்வோர் இடத்திலும் 0 முதல் 9 வரை ஓர் எண்ணோ, ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஆறு எழுத்துகளில் ஒன்றோ வரும். அதற்கு மூன்று குணங்கள் உண்டு.

முதலாவது, அதே பதிவைக் கொடுத்தால் எப்போதும் அதே முத்திரைதான் வரும். பேரிகையில் போட்டாலும் சென்னையில் போட்டாலும், இன்று போட்டாலும் பத்து ஆண்டு கழித்துப் போட்டாலும் மாறாது.

இரண்டாவது, ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை அடியோடு மாறிவிடும். 5,000 என்பது 5,001 ஆனால் 64 இடங்களில் ஏதோ ஓரிடம் மட்டும் மாறுவதில்லை. முழுவதும் வேறாகிவிடும்.

மூன்றாவது, முத்திரையை வைத்து உள்ளிருப்பதைத் திரும்ப எடுக்கவோ, அதே முத்திரை வரும்படி வேறொரு பதிவைச் செய்யவோ நடைமுறையில் முடியாது. வரக்கூடிய முத்திரைகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கம் வரும். உலகக் கணினிகள் அத்தனையும் சேர்ந்து தேடினாலும் தீராத அளவு அது.

சிட்டிகை உப்பு

இனி தொலைபேசிப் பூவா தலையாவுக்கு வருவோம். நீங்கள் மனதில் "தலை" என்று முடிவு செய்து, அதன் முத்திரையை மட்டும் துபாயிலிருக்கும் சகோதரருக்கு அனுப்புகிறீர்கள். அவர் "பூ" என்று ஊகம் சொல்கிறார். பிறகு நீங்கள் "நான் வைத்தது தலை" என்று சொல்ல, அவர் அதற்கு முத்திரை போட்டுப் பார்த்து, முன்பு வந்ததோடு ஒப்பிடுகிறார். ஒத்துப்போனால் நீங்கள் நடுவில் மாற்றவில்லை என்பது உறுதி.

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. இருப்பதே இரண்டு விடைகள். துபாய்க்காரர் இரண்டுக்கும் முத்திரை போட்டுப் பார்த்து, உங்களது எது என்று முன்பே கண்டுபிடித்துவிடலாம். அதனால் உறைக்குள் ஊகிக்க முடியாத நீண்ட சொல் ஒன்றையும் சேர்த்துப் போட வேண்டும். கணினித் துறையில் இதற்கு உப்பு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உப்பு என்ன என்று தெரியாதவர் உறைக்குள் இருப்பதை ஊகித்துச் சரிபார்க்க முடியாது. திறக்கும் நேரத்தில் நீங்கள் விடையையும் உப்பையும் சேர்த்துச் சொல்வீர்கள்.

இந்த உப்பு விஷயத்தைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். "உங்கள் கைபேசி எண்ணை நாங்கள் அப்படியே வைப்பதில்லை, முத்திரையாக்கித்தான் வைத்திருக்கிறோம்" என்று ஒருவர் சொன்னால் அது மட்டும் போதாது. பத்து இலக்க எண்கள் மொத்தமே 1,000 கோடிதான். சாதாரணக் கணினி ஒன்றே விநாடிக்குப் பத்து இலட்சம் முத்திரைகளைப் போட்டுப் பார்க்கும் திறனுள்ளது. எல்லா எண்ணையும் சில மணி நேரத்தில் போட்டுப் பார்த்து உங்கள் எண்ணைக் கண்டுபிடித்துவிடும். உப்பில்லாத முத்திரை, ஒட்டாத உறை.

உங்கள் பணத்தில் இது எங்கே இருக்கிறது?

பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை இணையத்தில் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியின் பக்கத்திலிருந்து பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் பக்கத்துக்கு உங்கள் திரை தாவுகிறது. அந்தத் தாவலின்போது, 50,000 ரூபாய் என்று இருப்பதைக் கெட்டிக்காரன் ஒருவன் 50 ரூபாய் என்று திருத்திவிட்டால்?

பேயூ என்ற நிறுவனம் இந்தியாவில் கையாளும் முறையைப் பாருங்கள். விற்பவரின் குறியீடு, பரிமாற்ற எண், தொகை, எதற்கான பணம், கட்டுபவர் பெயர், மின்னஞ்சல் என்று எல்லாவற்றையும் ஒரே வரிசையாகக் கோர்க்கிறார்கள். கடைசியில் விற்பவருக்கும் நிறுவனத்துக்கும் மட்டுமே தெரிந்த இரகசியச் சொல்லைச் சேர்க்கிறார்கள். அதையும் உப்பு என்றே அழைக்கிறார்கள். மொத்தத்துக்கும் எஸ்.எச்.ஏ. 512 முறையில் முத்திரை போட்டு அனுப்புகிறார்கள். மறுமுனையில் மீண்டும் முத்திரை போட்டு ஒப்பிடுவார்கள். நடுவில் தொகையைத் திருத்தியவனுக்கு இரகசியச் சொல் தெரியாது. அவனால் புது முத்திரை போட முடியாது. பழைய முத்திரை புதுத் தொகைக்குப் பொருந்தாது. பரிமாற்றம் அங்கேயே நின்றுவிடும்.

பணம் கட்டிய பிறகும் இதே வேலை நடக்கிறது. பக்கத்துப் பெங்களூரிலிருந்து இயங்கும் ரேசர்பே நிறுவனத்தின் முறையில், பணம் வந்து சேர்ந்ததும் கேட்பு எண்ணையும் கொடுப்பு எண்ணையும் சேர்த்து, இரகசியச் சொல்லோடு எஸ்.எச்.ஏ. 256 முத்திரை போட்டு விற்பவருக்குத் தருகிறார்கள். விற்பவரின் கணினி அந்த முத்திரையைத் தானும் போட்டுப் பார்த்து, ஒத்துப்போனால்தான் "பணம் வந்தது" என்று ஏற்க வேண்டும். திரையில் பச்சை நிறத்தில் வரும் குறியை வைத்து ஏற்கக் கூடாது.

இங்கேதான் நம் ஊர்க் கடைக்காரர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. "பணம் அனுப்பிவிட்டேன், பாருங்கள்" என்று வாடிக்கையாளர் தன் கைபேசியைக் காட்டுகிறார். அல்லது திரைப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அந்தப் படத்தில் முத்திரை எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் அப்படி ஒரு படத்தைச் செய்துவிடலாம். அதற்கென்றே போலிச் செயலிகள் உலவுகின்றன. உங்கள் கடையிலிருக்கும் ஒலிப்பெட்டி வேறு வகை. அது வாடிக்கையாளரின் கைபேசியை நம்பிப் பேசுவதில்லை. பணம் கையாளும் நிறுவனத்திலிருந்து தன் சிம் வழியாகச் செய்தி வந்த பிறகே பேசுகிறது. பெட்டி இல்லாதவர்கள் தங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து, 12 இலக்கப் பரிமாற்ற எண்ணைப் பார்த்துவிட்டுப் பொருளைக் கொடுங்கள். வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வாரே என்று கூச்சப்பட வேண்டாம்.

சட்டமும் இதை ஏற்கிறது

முத்திரை எண் ஏதோ கணினிக்காரர்களின் விளையாட்டு அல்ல. நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, தனது 3ஆவது பிரிவிலேயே ஹாஷ் என்றால் என்ன என்று விளக்குகிறது. ஒரே ஆவணம் எப்போதும் ஒரே விடையைத் தரவேண்டும், விடையிலிருந்து ஆவணத்தை மீட்க முடியக் கூடாது, இரண்டு ஆவணங்கள் ஒரே விடையைத் தரக் கூடாது என்ற கருத்தில் அது அமைந்திருக்கிறது. நாம் சற்று முன் பார்த்த குணங்கள்தான் இவை. மின்னணுக் கையொப்பம் சட்டப்படி நிற்பதற்கு இதுவே அடித்தளம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டம் இன்னொரு படி மேலே போயிருக்கிறது. கைபேசியிலோ கணினியிலோ உள்ள பதிவை நீதிமன்றத்தில் சான்றாகக் கொடுக்கும்போது, 63ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும். அந்தப் படிவத்தில் பதிவின் முத்திரை எண்ணையும் குறிப்பிட வேண்டும்.

இதிலிருந்து குடும்பங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? பண மோசடி நடந்தால் கைபேசியில் உள்ள மூலப் பதிவை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் வழியிலேயே சுருக்கப்படுகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அது வேறு கோப்பு. அதன் முத்திரையும் வேறு. எனவே படத்தை நான்கு பேருக்கு அனுப்பிவிட்டோம் என்று எண்ணி மூலத்தை அழித்துவிடக் கூடாது. தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். பணம் கைமாறிக்கொண்டே போகும் முன் அதை நிறுத்தி வைக்க முதல் சில மணி நேரம் மிக முக்கியம். இது வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய விஷயமல்ல. தாய்மார்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

முத்திரை காக்காத இடம்

முத்திரை என்பது மூடியதைக் காக்கும். தவறான ஆளின் பெயரை எழுதி நாமே மூடிக் கொடுத்தால், அதையும் அது பத்திரமாகக் காத்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

2023 ஏப்ரல், ரமலான் மாதம். இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் ஒரு மனிதர் தன் கணக்குக்குரிய கியூஆர் ஒட்டிகளைப் பல பள்ளிவாசல்களின் நன்கொடை இடங்களில் ஒட்டிவிட்டார். தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பெரிய பள்ளிவாசலான இஸ்திக்லாலும் அவற்றில் ஒன்று. கண்காணிப்புக் கேமராப் பதிவு வெளியாகி, காவல்துறை அவரைக் கைது செய்தது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவிலும் கடைகளுக்கு வெளியே இருந்த கியூஆர் அட்டைகளின் மேல் இரவோடு இரவாக வேறு அட்டைகளை ஒட்டிய சம்பவம் நடந்தது. இந்த இரண்டிலும் யாரும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. கணக்கு முறையில் ஒரு குறையும் இல்லை. கொடுப்பவர் திரையில் வந்த பெயரை வாசிக்காமல் பணம் அனுப்பினார், அவ்வளவுதான்.

ஆகவே மூன்று பழக்கங்களை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். கட்டத்தைப் படம் பிடித்ததும் திரையில் வரும் பெயரை வாய்விட்டு வாசியுங்கள். நமது அறக்கட்டளைக்கு அனுப்பும்போது அறக்கட்டளையின் பெயர்தான் வர வேண்டும். தனி மனிதர் பெயர் வந்தால், அவர் நிர்வாகியாகவே இருந்தாலும், அனுப்பாதீர்கள். அடுத்து, யுபிஐ இரகசிய எண் பணம் வாங்குவதற்குத் தேவையே இல்லை. பணம் வாங்குவதற்கு அதைப் போடச் சொன்னால் அது மோசடி. கடைசியாக, அந்த எண்ணை வங்கிக்காரர் என்று சொல்பவருக்கும் சொல்லாதீர்கள், உதவி செய்கிறோம் என்று வரும் உறவுக்காரப் பிள்ளைக்கும் சொல்லாதீர்கள்.

நமது பதிவேட்டுக்கு ஒரு முத்திரை

இப்போது தொடக்கத்தில் சொன்ன இரண்டு சாராரின் கேள்விக்கு வருகிறோம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் அதற்குச் சாட்சி வைக்கவும் பணிக்கும் வசனம்தான் திருக்குர்ஆனின் வசனங்களிலேயே மிக நீளமானது. சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் அது. எழுதுவது நம் கடமை, எழுதியதை மாற்றாமல் வைப்பதும் கடமை. நிர்வாகக் குழு கூடிப் பேசி, பின்வரும் முறையை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறது.

உதவி கொடுக்கும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சீட்டு எண், நாள், தொகை, பெறுபவர் பெயர் ஆகியவற்றோடு, ஊகிக்க முடியாத ஒரு நீண்ட சொல்லையும் சேர்த்து முத்திரை போடுவோம். அதாவது உப்பு சேர்த்த முத்திரை. பெறுபவர் கையில் கொடுக்கும் இரசீதில் அந்தச் சொல் இருக்கும். மாத முடிவில் எல்லா வரிகளின் முத்திரைகளையும் வரிசையாக வைத்து, அந்த வரிசை முழுவதற்கும் ஒரே ஒரு முத்திரை போடுவோம். எத்தனை பேருக்குக் கொடுத்தோம், மொத்தம் எவ்வளவு, அந்த 64 இட முத்திரை என்ன என்ற மூன்று விவரங்களை மட்டும் இந்த மடலில் அச்சிடுவோம். பெயர் ஒன்றுகூட அச்சில் வராது.

இதனால் என்ன நன்மை? மடல் உங்கள் வீடுகளுக்கு வந்து சேர்ந்த பிறகு, நாங்களே விரும்பினாலும் பழைய மாதத்துப் பதிவில் ஒரு ரூபாயைக்கூட மாற்ற முடியாது. மாற்றினால் முத்திரை மாறிவிடும். ஊரெல்லாம் அலமாரியிலும் குர்ஆன் பலகைக்குப் பக்கத்திலும் இருக்கும் மடல்களைத் திரும்பப் பெற்று அச்சைத் திருத்த யாராலும் இயலாது. உங்கள் வீட்டில் கிடக்கும் காகிதமே எங்கள் மேல் சாட்சி. இன்றைய நிர்வாகத்துக்கு மட்டுமல்ல, எங்களுக்குப் பின் வரப்போகும் நிர்வாகத்துக்கும் அதுவே சாட்சி.

ஆண்டுப் பொதுக்குழுவில் குலுக்கல் முறையில் ஐந்து சீட்டு எண்களை ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோம். பட்டயக் கணக்காளரும், ஜமாஅத் தேர்ந்தெடுக்கும் இரண்டு பெரியவர்களும் அந்த ஐந்து வரிகளை மட்டும் தனி அறையில் திறந்து பார்ப்பார்கள். பெயர், தொகை, இரகசியச் சொல் மூன்றும் முத்திரைக்குப் பொருந்துகின்றனவா, பணம் உரியவர் கையில் சேர்ந்ததா என்று விசாரிப்பார்கள். விசாரித்ததைக் கூட்டத்தில் சொல்லும்போது பொருந்துகிறது, பொருந்தவில்லை என்று மட்டும் சொல்வார்கள். உதவி பெற்றவர் யாரேனும் தம் வரி பதிவேட்டில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க விரும்பினால், தம் இரசீதோடு வந்து பார்த்துக்கொள்ளலாம். ஆயிரம் பெற்றுக்கொண்டவர் பெயரில் இரண்டாயிரம் எழுதப்பட்டிருந்தால் அங்கேயே பிடிபடும்.

இதன் எல்லையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். முத்திரை, எழுதியது பிறகு மாறவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. எழுதியபோதே பொய்யாக எழுதியிருந்தால் அந்தப் பொய்யையும் அது மாறாமல் காக்கும். அதற்குத்தான் இருவர் கையொப்பமும், வங்கிக் கணக்கோடு ஒப்பிடுவதும், அந்தக் குலுக்கலும். அதோடு, முத்திரை முறைகளுக்கும் வயது உண்டு. ஒரு காலத்தில் எங்கும் புழங்கிய எஸ்.எச்.ஏ. 1 முறையில், 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு நிறுவனம் ஒன்றும் கூகுளும் சேர்ந்து, ஒரே முத்திரை வரும் இரண்டு வெவ்வேறு கோப்புகளைச் செய்து காட்டின. அதனால் அந்த முறையை நாம் தொடமாட்டோம். எஸ்.எச்.ஏ. 256க்கு அப்படி எதுவும் இதுவரை நேரவில்லை. நாளை நேருமானால் அதற்கடுத்த வலுவான முறைக்கு மாறிக்கொள்ளலாம்.

செலவைப் பற்றியும் கேட்பீர்கள். முத்திரை போடும் மென்பொருள் இலவசம். பெரும்பாலான கணினிகளில் அது ஏற்கெனவே இருக்கிறது. வேண்டியது, மாதம் ஒரு மணி நேரம் உட்கார இரண்டு பேர். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கணினி படிக்கும் நம் பிள்ளைகள், ஆண் பெண் இருபாலரும், இதற்கு முன்வர வேண்டும். ஒருவர் முத்திரை போடட்டும். இன்னொருவர் தனியாகப் போட்டுச் சரிபார்க்கட்டும். இருவரும் அறக்கட்டளை நிர்வாகிகளின் வீட்டுப் பிள்ளைகளாக இல்லாமலிருப்பது நல்லது.

பெரியவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. பேரிகை என்றால் பெரிய முரசு என்று தமிழில் பொருள். அந்தக் காலத்தில் ஊருக்குத் தெரிய வேண்டியதை முரசறைந்து சொல்வார்கள். கணக்கு அப்படித்தான் ஊரறியச் சொல்லப்பட வேண்டும். ஆனால் ஒரு வீட்டின் கஷ்டத்தை முரசறைய வேண்டியதில்லை. இந்த முறையில் தொகையும் முத்திரையும் ஊருக்குத் தெரியும், வீட்டின் பெயர் வீட்டோடு நிற்கும். உதவி தேவைப்பட்டும் கூச்சத்தால் ஒதுங்கி நிற்கும் ஒரு குடும்பமாவது இதைக் கேட்டுவிட்டு அலுவலகப் படியேறி வருமானால், நாங்கள் எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு அதுவே போதும்.

வரும் ஜும்ஆவுக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில், கணினியை வைத்து முத்திரை போடுவதை நேரில் காட்டப்போகிறோம். ஒரு எழுத்தை மாற்றினால் என்ன ஆகிறது என்று நீங்களே தட்டச்சு செய்து பார்க்கலாம். பெண்களுக்கு அன்று அஸருக்குப் பின் தனி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். ஐயமுள்ளவர்கள் அவசியம் வரவேண்டும். கேள்வி கேட்பவர்களைத்தான் நாங்கள் முதலில் எதிர்பார்க்கிறோம். உங்கள் கருத்துகளைக் கேட்ட பிறகே, இன்ஷா அல்லாஹ், இந்த முறையை நடைமுறைக்குக் கொண்டுவருவோம்.

அமானிதத்தைச் சரியாகக் காக்கும் வலிமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக.

வஸ்ஸலாம்.